மலாய்க் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பும் கல்வியும்

மலாய்த் தீபகற்பத்தில் அரசுப் பள்ளிகள் பெருகுவதற்கு முன்பு ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவு கிடைத்த இடம் வீடு. அது சொந்த வீடாக இருக்கலாம், குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஆசிரியரின் வீடாகவும் இருக்கலாம். பிறப்புச் சடங்கு, உறவுமுறைப் பெயர், ஓதப்போதல், ஓதி முடித்தல், சுன்னத்து ஆகிய அனைத்தும் ஒரே தொடராக அமைந்திருந்தன. பிள்ளை கற்றது எதுவானாலும் அதில் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. பின்னர் வந்த காலனி அரசின் பள்ளிகளும் இந்த வீட்டு வழக்கத்தோடு இணங்கிப் போக வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது. முன்ஷி அப்துல்லா, ஜாபா, லாட் ஆகிய மூவரின் இளமைக்காலம் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இங்கே கூறப்படும் வழக்கங்கள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று வேறுபடும். தாய்வழி மரபைப் பின்பற்றும் நெகிரி செம்பிலான் மக்களின் முறை ஒரு விதம். ஜொகூர், பேராக், கிளந்தான் மக்களின் முறைகள் வேறு விதம். பெரும்பாலான மலாய்க் குடும்பங்களுக்குப் பொதுவானவை மட்டும் இங்கே தரப்படுகின்றன.

பிறப்பும் தொட்டிலும்

குழந்தை பிறந்ததும் தந்தையோ குடும்பப் பெரியவரோ அதன் காதில் பாங்கும் இகாமத்தும் சொல்வார். நச்சுக்கொடியைக் கழுவித் துணியில் சுற்றி வீட்டருகே புதைப்பர். தாய்க்குப் 'பந்தாங்' எனப்படும் பத்தியக் காலம் தொடங்கும். இது பெரும்பாலும் 44 நாள் நீடிக்கும். மருத்துவச்சி வந்து உடம்பு பிடித்துவிடுவார். சுடவைத்த கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுப்பார். நீண்ட துணியால் வயிற்றைக் கட்டுவார். மலாய் மொழியில் 'பீடான்' என அழைக்கப்படும் இந்த மருத்துவச்சிக்குக் கிராமத்தில் தனி மதிப்பு உண்டு.

ஏழாம் நாளில், அல்லது வசதிப்பட்ட வேறொரு நாளில், முடி இறக்கும் சடங்கு நடக்கும். உறவினர் ஒவ்வொருவரும் குழந்தையின் முடியில் சிறிது வெட்டி, சீவிய இளநீர்க் காயினுள் இடுவர். குழந்தையின் நாவில் பேரீச்சம்பழமோ தேனோ தடவப்படும். அகீகா எனப்படும் ஆட்டுப்பலியும் இதையொட்டி நடைபெறும். சில ஊர்களில் குழந்தையை அலங்கரித்த தொட்டிலில் இட்டு, பெண்கள் குழுவாக அமர்ந்து நபியின் புகழையும் பிள்ளைக்கான அறிவுரைகளையும் பாடுவர். குழந்தைக்கு அது தாலாட்டு. சுற்றியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கோ பாடமும் அதுவே.

வரிசைப் பெயர்கள்

மலாய் வீட்டில் பிள்ளை முதலில் கற்பது தன் இடத்தை. மூத்த பிள்ளை 'லோங்', நடுப்பிள்ளை 'ஙா', கடைசிப் பிள்ளை 'சூ'. மூத்தது, நடு, கடைக்குட்டி என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கமே இவை. இடையில் வருவோருக்கு 'அலாங்', 'அண்டாக்', 'ஊடா', 'சிக்' முதலிய பெயர்கள் உண்டு. இப்பெயர்கள் அடுத்த தலைமுறையில் உறவுப் பெயர்களாக மாறும். தாய் அல்லது தந்தையின் மூத்த சகோதரர் 'பாக் லோங்'. நடுச் சகோதரி 'மாக் ஙா'. கடைசித் தம்பி 'பாக் சூ'.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வேறுபாடு கண்ணில் படும். தமிழில் தந்தையின் அண்ணன் பெரியப்பா, தாயின் அண்ணன் மாமா. மலாய் முறையில் இருவருமே பாக் லோங்தான். எந்தப் பக்கத்து உறவு என்பதைவிட எத்தனையாவது பிள்ளை என்பதே இங்கு முக்கியம். பெரியவர் கையைத் தன் இரு கைகளாலும் பற்றி முத்தமிடுவது, அவர் முன்னே நடக்கும்போது சற்றுக் குனிந்து செல்வது, வலக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் ஆகிய பழக்கங்கள் இந்த வரிசையோடு சேர்ந்தே பழகுகின்றன. 'மூங்கிலை வளைப்பதானால் முளையிலேயே வளை' என்பது மலாய்ப் பழமொழி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்பதும் இதுவே.

ஓதப்போதல்

ஆறு, ஏழு வயதானதும் பிள்ளையை ஓதப் போடுவர். இது 'மெங்காஜி' எனப்படும். பெற்றோர் பிள்ளையை ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துச் சென்று முறைப்படி ஒப்படைப்பர். சில வேளைகளில் ஒரு பிரம்பும் உடன் போகும். கண்ணையும் எலும்பையும் விட்டுவிட்டு எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள் என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளை நினைவூட்டும்.

மாலைத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் பாயில் அமர்ந்து ஓதுவர். குர்ஆனின் கடைசிப் பகுதியைக் கொண்ட 'முக்கதம்' என்னும் சிறு நூலே முதற்பாடம். எழுத்துகளைத் தொட்டுக் காட்ட ஒரு ஈர்க்குச்சி இருக்கும். தமிழ்நாட்டு மதரசாக்களில் ஜபர், ஜேர், பேஷ் என்று கற்பிக்கும் உயிர்க்குறிகளை மலாய்ப் பிள்ளைகள் 'மேலே அ, கீழே இ, முன்னே உ' என்று தங்கள் மொழியிலேயே கூட்டிப் படித்தனர். ஆசிரியருக்கு நிலையான சம்பளம் இல்லை. பிள்ளைகள் தண்ணீர் இறைத்துக் கொடுப்பர், விறகு கொண்டு வருவர். பெற்றோர் அரிசியோ தேங்காயோ சிறு தொகையோ தருவர்.

இந்த ஆசிரியர்களில் பெண்கள் பலர். ஊரில் ஓதத் தெரிந்த ஒரு மூதாட்டி இருந்தால் அவர் வீடே பள்ளியாகிவிடும். கல்வி வரலாறுகள் கட்டடங்களையும் ஆண்டறிக்கைகளையும் வைத்து எழுதப்படுவதால் இவர்களின் பணி பெரும்பாலும் பதிவாகாமல் போயிற்று.

ஓதி முடித்தலும் சுன்னத்தும்

குர்ஆன் முழுவதையும் ஓதி முடிப்பது 'கத்தம்'. அன்று பிள்ளைக்குப் புத்தாடை அணிவித்து, ஆசிரியர் முன்னிலையிலும் ஊரார் முன்னிலையிலும் கடைசி அத்தியாயங்களை ஓதச் செய்வர். மஞ்சள் சேர்த்த புளுட் அரிசிச் சோறும், காகிதப் பூ கட்டிய குச்சிகளில் செருகிய அவித்த முட்டைகளும் இந்நாளின் அடையாளம். ஆசிரியருக்குத் துணியும் அன்பளிப்பும் தரப்படும். ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சுன்னத்துக்கு முன்பும், பெண் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் திருமணத்தை ஒட்டியும் இவ்விழா நடந்தது. மணப்பெண் ஊரார் முன் அமர்ந்து ஓதுவது, அவளை வளர்த்தவர்கள் தங்கள் கடமையை முடித்ததற்கான சான்று.

சுன்னத்து செய்பவர் 'தோக் மூடிம்' எனப்படுவார். ஒரே வயதுச் சிறுவர்கள் பலருக்கு ஒன்றாகச் செய்வது வழக்கம். அதிகாலையில் ஆற்றிலோ கிணற்றிலோ குளிக்கச் செய்து, வாழைத்தண்டின் மேல் அமர்த்திச் செய்வர். இன்று இது பெரும்பாலும் மருத்துவமனைகளிலும், பள்ளி விடுமுறையில் நடக்கும் கூட்டு நிகழ்ச்சிகளிலும் நடைபெறுகிறது.

மலாக்காவில் ஒரு பிள்ளை

இந்த வீட்டுக் கல்வியை உள்ளிருந்து எழுதிய முதல்வர்களில் முன்ஷி அப்துல்லா முக்கியமானவர். 1790களின் பிற்பகுதியில் மலாக்காவில் பிறந்தவர். 1843ல் எழுதி முடித்து 1849ல் அச்சான 'இக்காயாத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றில் தம் இளமையை விரிவாகக் கூறியுள்ளார். ஏமனிலிருந்து வந்து நாகூரில் குடியேறிய அரபியர் ஒருவரின் வழிவந்தவர் அவர் தந்தை. எனவே அப்துல்லாவின் குடும்பத்தில் அரபும் தமிழும் மலாயும் கலந்திருந்தன.

தமக்கு மூத்த ஆண்மக்கள் நால்வரும் சிறு வயதிலேயே இறந்ததால் தாய் பட்ட துயரை அவர் குறிப்பிடுகிறார். நோயாளிக் குழந்தையைப் பெற்ற தாயே வளர்த்தால் தங்காது என்ற நம்பிக்கையால், அவரைப் பிறருக்கு 'விற்று' வளர்த்தனர். தவிட்டுக்குப் பிள்ளை விற்கும் நம் ஊர் வழக்கமும் இத்தகையதே.

அவருடைய தந்தைவழிப் பாட்டி கம்போங் பாலியில் தலைமை ஆசிரியராக இருந்தார். ஆண் பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 200 பேர் அவரிடம் குர்ஆன் ஓதியும் எழுத்துக் கற்றும் வந்தனர். பாட்டியின் பெயர் நூலில் 'பெரி ஆச்சி' என்று வருகிறது. அப்பெயரில் ஒலிக்கும் தமிழை விளக்கத் தேவையில்லை. 200 ஆண்டுகளுக்கும் முன்பு மலாக்காவில் ஒரு பெண் அத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதைப் பேரன் எழுதி வைத்ததால்தான் நாம் அறிகிறோம்.

அப்துல்லாவைத் தந்தை தமிழ் கற்கவும் அனுப்பினார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது மலாக்காவில் முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்றும், கணக்குக்கும் வணிகத்துக்கும் அம்மொழி தேவைப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். இரண்டரை ஆண்டுகள் அவர் தமிழ் படித்தார். கடை என்பது 'கெடாய்' என்றும், கப்பல் 'காப்பால்' என்றும், கட்டில் 'காத்தில்' என்றும் மலாய் மொழியில் வழங்குவது அந்த வணிகக் காலத்தின் எச்சம்.

பள்ளித் தண்டனைகளையும் அவர் மறைக்கவில்லை. விரல்களைப் பிரம்புத் துண்டுகளுக்கு இடையில் வைத்து நெருக்குவது, உள்ளங்காலில் அடிப்பது முதலியவற்றை விவரிக்கிறார். வீட்டில் தந்தை இன்னும் கண்டிப்பானவர். ஒருமுறை தந்தை இல்லாத நேரத்தில் கப்பல் தலைவர் ஒருவருக்குப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. பையனே எழுதிக் கொடுத்துவிட்டார். மகன் தேறிவிட்டான் என்ற மகிழ்ச்சியைத் தந்தை அன்றிரவு தாயிடம் சொன்னாராம். பிள்ளையின் முகத்துக்கு நேரே புகழக்கூடாது என்பது அவர் கொள்கை. நம் தலைமுறையில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்தை அந்நியரல்லர்.

அந்நூலில் ஒரு கடுமையான குறையும் உண்டு. பிள்ளைகள் அரபு எழுத்துகளைப் பொருள் தெரியாமல் ஓதுகின்றனர். தங்கள் தாய்மொழியான மலாயை முறையாகப் படிப்பதில்லை. அதைக் கற்பதில் என்ன பயன் என்று பெரியவர்களே கேட்கின்றனர் என்பது அவர் வருத்தம். வீட்டுக் கல்வியின் பெருமையையும் அதன் எல்லையையும் ஒரே நூலில் பதிந்தவர் அவர்.

அரசுப் பள்ளியும் வீட்டு வழக்கமும்

தாய்மொழிக் கல்வி என்ற அந்தக் குறையை நிரப்ப முன்வந்தது காலனி அரசு. சிங்கப்பூரில் தெலுக் பிளாங்காவில் 1850களில் ஒரு மலாய்ப் பள்ளி நடத்தப்பட்டது. ஆயினும் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பள்ளி மதத்தை மாற்றிவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். வயலிலும் படகிலும் உதவும் கைகள் போய்விடும் என்ற கவலை மறுபுறம்.

நீரிணைக் குடியேற்றங்களின் பள்ளி ஆய்வாளராக 1872ல் நியமிக்கப்பட்ட ஏ. எம். ஸ்கின்னர் ஒரு வழி கண்டார். காலையில் மலாய் மொழியும் கணக்கும், பிற்பகலில் குர்ஆன் வகுப்பு. காலைப் பாடத்துக்கு அரசு சம்பளம் தந்தது. ஓதும் வகுப்பின் செலவைப் பெற்றோர் ஏற்றனர். பள்ளிகள் பெருகத் தொடங்கியது இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான். வீட்டு வழக்கத்தை மதித்த பின்பே பெற்றோர் பள்ளியை ஏற்றனர் என்பதே இதன் பாடம்.

எனினும் இந்தப் பள்ளிகள் குறுகிய நோக்கம் கொண்டவை. கல்வி பொதுவாக நான்கு ஆண்டுகள் மட்டுமே. மீனவர் மகனையும் விவசாயி மகனையும் தந்தையைவிடச் சற்று அறிவுள்ள மீனவனாகவும் விவசாயியாகவும் ஆக்குவதே நோக்கம் என்ற கருத்து, கூட்டு மலாய் மாநிலங்களின் 1920ஆம் ஆண்டறிக்கையில் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. ஆர். ஓ. வின்ஸ்டட் 1917ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து கூடை முடைதலும் தோட்டவேலையும் பாடங்களாயின. அதே காலத்தில் அரச குடும்பத்தினருக்கும் உயர்குடியினருக்கும் 1905ல் கோலாகங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரி ஆங்கிலத்தில் பாடம் நடத்தி அரசுப் பதவிகளுக்கு ஆள் தயாரித்தது. கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை.

வாழையிலையில் எழுதிய பிள்ளை

இதற்கு மாறாக, வீடு தந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலேறியவர் ஜாபா. முழுப்பெயர் ஜைனல் அபிதின் பின் அகமது. 1895ல் நெகிரி செம்பிலானில் பத்து கிக்கிர் பகுதியில் புக்கிட் கெர்டாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். எழுதுபலகை கிடைப்பதற்கு முன் தந்தையின் துணையோடு வாழையிலையில் எழுதிப் பழகினார். பின்னர் மலாய்ப் பள்ளியிலும் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியிலும் படித்து 1915ல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார். அக்காலத்தில் ஒரு கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கு அது அரிய வெற்றி.

1922ல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் முதல்வர் ஓ. டி. டுசெக். கிராமப் பள்ளிகளில் நன்றாகப் படித்த ஏழைப் பிள்ளைகள் இங்கே சேர்ந்தனர். 1924 முதல் ஜாபா இங்கு மொழிபெயர்ப்புப் பிரிவில் பணியாற்றினார். மலாய் இலக்கணத்தையும் எழுத்துக்கூட்டு முறையையும் ஒழுங்கு செய்தார். கூடை முடையவும் கற்றுத்தந்த அதே கல்லூரியில் மலாய் நூல்கள் உருவாயின. அரசியல் விழிப்பும் பிறந்தது. 1938ல் இளம் மலாய்க்காரர் சங்கமான 'கெசத்துவான் மெலாயு மூடா'வைத் தொடங்கிய இப்ராகிம் யாக்கோப் இக்கல்லூரி மாணவர். கல்லூரி இன்று சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உள்ளது.

பெண் பிள்ளைகள்

பாட்டிமார் ஓதிக் கொடுத்த சமூகத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயக்கம் இருந்தது வியப்புக்குரியது. எழுதக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள் என்ற பேச்சு மலாய் நாட்டிலும் உண்டு. இதை மாற்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் இபு ஜைன் என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜைனுன் சுலைமான். 1903ல் மலாக்காவில் பிறந்தவர். தந்தையும் முன்ஷி எனப் பெயர் பெற்ற கல்வியாளர். ஜொகூரில் ஆசிரியராகவும் பெண்கள் பள்ளி மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். 1929ல் ஜொகூர் மலாய் ஆசிரியைகளின் சங்கத்தை உருவாக்கினார். அச்சங்கம் 1930ல் 'பூலான் மெலாயு' என்னும் இதழைத் தொடங்கியது. 1935ல் மலாக்காவில் மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அமைந்தபின், பட்டப்பெயர் இல்லாத பழைய ஓதும் ஆசிரியைகளின் பேத்திகள் சம்பளமும் பதவியும் பெற்ற ஆசிரியைகளாயினர்.

எழுத்து மாறியபோது

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பாலமாக நெடுங்காலம் இருந்தது ஜாவி எழுத்து. அரபு எழுத்துகளோடு ச, ங, ப, க, ஞ முதலிய மலாய் ஒலிகளுக்கான எழுத்துகளைச் சேர்த்து உருவானது இது. தமிழ் முஸ்லிம்களின் அரபுத்தமிழும் இதே முறையில் அமைந்ததுதான். 1303ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் திரெங்கானுக் கல்வெட்டு ஜாவியில் உள்ளது. குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளை சிறு முயற்சியில் ஜாவி கடிதமும் செய்தித்தாளும் படித்துவிடும். 1939ல் தொடங்கிய 'உத்துசான் மெலாயு' நாளிதழ் ஜாவியிலேயே வெளிவந்தது.

பள்ளிகளில் உரோமன் எழுத்து படிப்படியாக இடம்பிடித்தது. 1963ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் உரோமன் எழுத்தையே தேசிய மொழியின் எழுத்தாக அறிவித்தது. ஜாவியைத் தடை செய்யவில்லை. பல்லினப் பிள்ளைகளும் ஒரே மொழியைக் கற்க இது உதவியது. அச்சும் தட்டச்சும் எளிதாயின. ஆனால் பல வீடுகளில், பாட்டனார் கைப்பட எழுதிய நிலப் பத்திரத்தையும் குடும்பக் குறிப்பையும் பேரப்பிள்ளையால் படிக்க முடியாத நிலை உண்டாயிற்று. மொழி மாறவில்லை. எழுத்து மாறியதாலேயே ஒரு தலைமுறையின் கையெழுத்து அடுத்த தலைமுறைக்கு எட்டாமல் போயிற்று.

கம்பத்துப் பையன்

பழைய வழக்கமும் புதிய பள்ளியும் ஒரு பிள்ளையின் வாழ்வில் எப்படி இணைந்தன என்பதைக் காண 1979ல் வெளிவந்த 'தி கம்போங் பாய்' என்னும் படக்கதை நூல் உதவும். எழுதி வரைந்தவர் லாட் என்ற முகம்மது நோர் காலிட். 1951ல் பேராக்கில் கோப்பெங் அருகே பிறந்தவர். மருத்துவச்சியின் வருகை, முடி இறக்குதல், ஆறு வயதில் ஓதப்போதல், ஆற்றில் நண்பர்களோடு ஈயமணல் அலசியது, சுன்னத்து எல்லாம் அதில் நகைச்சுவையோடு வருகின்றன. பக்கத்திலேயே ஈயம் தோண்டும் பெரும் இயந்திரம் நிலத்தை விழுங்கிக்கொண்டு வருகிறது. பையன் தேர்வில் தேறி ஈப்போவிலுள்ள விடுதிப் பள்ளிக்குப் புறப்படுவதோடு நூல் முடிகிறது.

அப்துல்லா வாழ்ந்த காலத்துக்கும் லாட்டின் காலத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு. ஆயினும் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தந்தை, ஓத மறுத்து ஓடும் பையன், கண்டிப்பான ஆசிரியர் ஆகியோர் இருவர் நூலிலும் இருக்கின்றனர். மாறியது போய்ச்சேரும் ஊர். படித்த பிள்ளை இப்போது வீட்டை விட்டு வெளியேறுகிறான்.

இன்றைய நிலை

1970ல் நிறுவப்பட்ட மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தோடு மலாய்வழிக் கல்வி உயர்கல்வி வரை நீண்டது. நான்கு ஆண்டுகளோடு முடிந்த கிராமப் பள்ளிப் படிப்பை எண்ணும்போது இது பெரிய மாற்றம். சமயக் கல்வி பள்ளிகளிலும் 'காஃபா' வகுப்புகளிலும் நடைபெறுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அசாட் ஹுமாம் உருவாக்கிய 'இக்ரா' பாடநூல் பல இடங்களில் பழைய முக்கதத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழைய ராகம் குறைந்து, நேரடியாக ஒலிக்கும் முறை வந்துவிட்டது. நகரக் குடும்பங்கள் ஓதிக் கொடுக்க ஆசிரியரை வீட்டுக்கே வரவழைக்கின்றன.

சடங்குகள் சுருங்கினாலும் அழியவில்லை. மஞ்சள் சோறும் முட்டைப் பூவும் இன்றும் கத்தத்தில் உண்டு. நோன்புப் பெருநாளில் ஊர் திரும்பும் பிள்ளைகள் வரிசைப்படி பெரியவர் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்கின்றனர். பாக் லோங், மாக் சூ என்ற அழைப்பு அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கிறது. பள்ளி எழுத்தையும் தொழிலையும் தந்தது. உறவில் தன் இடம் எது, யாருக்கு முதல் வணக்கம் என்பதை இன்னமும் வீடே கற்றுக் கொடுக்கிறது. முதியவர்களிடம் எஞ்சியுள்ள ஜாவிக் கடிதங்களையும், ஊர்தோறும் ஓதிக் கொடுத்த பெண்களின் பெயர்களையும் அந்தந்தக் குடும்பங்கள் இப்போதே எழுதி வைப்பது நல்லது. பெரி ஆச்சியின் பெயர் நமக்குக் கிடைத்ததும் அவர் பேரன் எழுதி வைத்ததால்தான்.